காதுத் தோடு காதிலேயே இருக்கட்டும்

சென்ற இதழில் மாவடு பற்றி எழுதினாலும் எழுதினேன், ஒரே கடித மழை! விளக்கெண்ணெய் தடவியே ஆக வேண்டுமா என்று கேட்ட சகோதரிகள் அத்தனை பேருக்கும் ஒரே பதில்: ஆமாம், தடவியே ஆக வேண்டும். வாசனை பிடிக்காதவர்கள் கொஞ்சமாகத் தடவுங்கள்.

அந்தக் கடிதக் கட்டில் ஒரு போஸ்ட் கார்டும் இருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. இரண்டே வரி. "வக்கீல் வைக்கப் பணம் இல்லாத பெண், பிள்ளையை எப்படித் திரும்ப வாங்குவது? தயவுசெய்து உங்கள் பக்கத்தில் எழுதுங்கள் அம்மா." மாவடுவை மூடி வைத்துவிட்டு இந்த முறை இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நான் வக்கீல் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். கோர்ட் வாசலை மிதித்ததே போன வருஷம்தான். ஆனால் மிதித்தபின் தெரிந்துகொண்டதை என்னோடு வைத்துக்கொள்ள மனசில்லை.

எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூ விற்கும் அம்மாள், இருபது வருஷமாக எனக்குப் பூ தருகிறவள். அவள் பெண் என்னிடம் படித்தவள். கணக்கில் கெட்டி. பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் ஜவுளிக்கடையில் வேலை. வருஷா வருஷம் ஆடிக்கு வருவார்கள், போவார்கள். ஒருமுறை அந்தப் பெண் கன்னத்தில் வீக்கத்தோடு வந்தாள். "கதவு இடிச்சிருச்சு டீச்சர்" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் பொறுத்துப் போடியம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றேன். பெரியவள் என்ற முறையில் பெரிய புத்திமதி சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் வைகாசியில் ஒரு ராத்திரி பத்து மணிக்கு நாலு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு, கட்டிய புடவையோடு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு வாரம் கழித்து மாமியாரும் கொழுந்தனும் வந்தார்கள். "ஊர்த் திருவிழா, பேரனை ரெண்டு நாள் அனுப்பு" என்று நயமாகப் பேசிப் பிள்ளையைக் கூட்டிப் போனார்கள். அவ்வளவுதான். ரெண்டு நாள் ரெண்டு மாசம் ஆயிற்று. போன் செய்தால் எடுப்பதில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை, பூ கொடுக்க வந்தவள் போகாமல் நின்றாள். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். அவளுடைய ஏழு கல் தோடு. காதில் விளக்குமாற்றுக் குச்சி செருகியிருந்தாள்.

"டீச்சரம்மா, இதை வச்சுக்கிட்டு இருபத்தஞ்சாயிரம் குடுப்பீங்களா? கோர்ட்டாண்ட ஒருத்தர் இருக்காரு, அவரே வக்கீல் ஏற்பாடு பண்ணிப் புள்ளையை வாங்கிக் குடுத்துடறேன்னு சொல்றாரு. முதல்ல பணம் கட்டணுமாம்."

"உன் பெண் என்ன சொல்கிறாள்?" என்றேன்.

"அவ என்னத்தைச் சொல்றா? பெரியவங்க எழுதின பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடறேன், புள்ளையைக் கண்ணுல காட்டினாப் போதும்ங்கறா."

பத்திரமா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூக்கூடையை என் வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். முத்திரைத்தாளில் அழகாக டைப் அடித்து வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறார்களாம். பெண் ஜீவனாம்சம் கேட்க மாட்டாளாம். குழந்தை தகப்பனிடமே இருக்குமாம். மாதம் ஒருமுறை தாய் வந்து பார்த்துக்கொள்ளலாமாம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வேறு வைத்திருந்தார்கள். அந்தப் பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். செய்தது அவ்வளவுதான். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது.

என் அண்ணன் மகன் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். போனில் கேட்டேன். "அத்தை, தோடும் வேண்டாம் பத்திரமும் வேண்டாம். திங்கட்கிழமை ஜில்லா கோர்ட் வளாகத்துக்குள்ளேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், அங்கே கூட்டிக்கிட்டுப் போங்க" என்றான்.

போனோம். கோர்ட் கேட்டுக்குப் பக்கத்திலேயே அந்த 'ஏற்பாடு பண்ணுகிற' மனிதர் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். நான் பழைய டீச்சர் முகத்தைக் காட்டியதும் நகர்ந்துகொண்டார்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று போர்டு போட்டிருந்தது. தாலுகா ஊர்களிலும் கோர்ட்டோடு சேர்ந்து இப்படி ஒரு குழு உண்டு. அதற்கு வட்ட சட்டப் பணிகள் குழு என்று பெயர். மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளராக இருப்பவர் ஒரு நீதிபதி. எங்கள் நல்ல காலம், அவர் ஒரு பெண்மணி. நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கி வர வேண்டுமா அம்மா?"

"பெண்களுக்கு வேண்டாம். நீங்கள் பென்ஷன் வாங்குகிறீர்களே, உங்களுக்கு ஒரு வழக்கு என்றாலும் நான் வக்கீல் தர வேண்டும்" என்று சிரித்தார்.

சகோதரிகளே, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1987-ல் கொண்டுவந்து 1995 நவம்பர் 9-ஆம் தேதி முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பன்னிரண்டாவது பிரிவில் யார் யாருக்கு இலவச வக்கீல் என்று சொல்கிறது. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. பெண்ணுக்கும் குழந்தைக்கும் அது கிடையாது. வக்கீலின் சம்பளம் மட்டுமில்லை, கோர்ட் ஸ்டாம்பு, சம்மன் அனுப்பும் செலவு, டைப் அடிக்கிற கூலி எல்லாம் ஆணைக்குழுவின் பொறுப்பு. ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு அங்கிருக்கும் சட்டத் தன்னார்வலர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். இத்தனை வருஷமாக இருக்கும் சட்டம், நம் தெருவில் ஒருத்திக்கும் தெரியவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிற சேதி மட்டும் அரை மணியில் தெரு முழுக்கத் தெரிந்துவிடுகிறது!

ஆணைக்குழு கொடுத்த முதல் வக்கீல் சரியாக அமையவில்லை. புரட்டாசியில் இரண்டு வாய்தாவுக்கு அவர் வரவே இல்லை. பூக்கார அம்மாள், "ஓசியில கெடைக்கறது இப்படித்தான் இருக்கும், தோட்டை வித்திருக்கலாம்" என்று என்னையே குறை சொன்னாள். திரும்பவும் செயலாளரைப் போய்ப் பார்த்தோம். வேறு வக்கீல் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தோம், மாற்றினார். அதற்கு இடம் உண்டு. அதைப் போலவே, இந்த முறையில் வருகிற வக்கீலோ அவர் குமாஸ்தாவோ கைச்செலவுக்கு என்று உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் செயலாளரிடம் சொல்லுங்கள். பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவதாக வந்தவள் சின்னப் பெண். முப்பது வயசு இருக்கும். அவளைப் போலப் பொறுமையாக விளக்கிச் சொல்ல என்னால்கூட முடியாது. அந்தப் பத்திரத்தை முதலில் கையில் எடுத்தாள்.

"ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்னு எழுதி வாங்கினாலும் சட்டப்படி அது செல்லாது டீச்சர். இந்த மாதிரித் தாளில் எழுதினால் விவாகரத்தும் ஆகாது. இந்துக்களுக்குக் கோர்ட்தான் கொடுக்கணும். பரம்பரையாக அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் இருக்குன்னு நிரூபிக்க முடிஞ்சவங்களுக்கு மட்டும்தான் விலக்கு. ஆனால் இந்த முதல் வரி இருக்கே, 'மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்'னு, அதுதான் விஷம். கணவன் மனைவி ரெண்டு பேரும் சம்மதிச்சுத் தனியா வாழ்ந்தா மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாதுன்னு சட்டத்திலேயே இருக்கு. கையெழுத்துப் போட்டிருந்தா, அடிச்சுத் துரத்தினதை நிரூபிக்க நாம ரொம்பத் திண்டாடியிருப்போம்."

கேட்டதும் எனக்கு உடம்பு நடுங்கிற்று. பென்சில் புள்ளி வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

விவாகரத்து கேட்டால்தான் ஜீவனாம்சம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. கல்யாணம் அப்படியே இருக்கும்போதே மனைவியும் பிள்ளையும் மாதாந்திரப் பணம் கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு என்று சொல்வார்களே, அதுதான் இது. 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் அந்தச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. பெயர் வாயில் நுழையவில்லை. 144-வது பிரிவு என்று நம்பரை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். என் கல்யாணமான புதிதில் இந்தப் பிரிவில் மாதம் 500 ரூபாய்க்குமேல் கொடுக்கச் சொல்ல முடியாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2001-ல் அதை எடுத்துவிட்டார்கள். குடும்ப நல கோர்ட் இருக்கிற ஊரில் அங்கேயும், இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் மனுப் போட வேண்டும். புருஷன் ஊருக்குப் போய் அலைய வேண்டாம்; மனைவி இப்போது குடியிருக்கிற ஊரிலேயே போடலாம்.

பிள்ளை விஷயம்தான் சிக்கல். 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் பாதுகாவலர் சட்டத்தில், ஐந்து வயசு நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்குமேல் வயசானாலும் குழந்தையின் நலம்தான் எல்லாவற்றுக்கும் முதன்மை. ஆனால் தனியாகக் காவல் மனுப் போடுவதென்றால் குழந்தை வசிக்கிற ஊர் கோர்ட்டில் போட வேண்டும். அதாவது அவன் ஊரில். வக்கீல் பெண் யோசித்து வேறு வழி சொன்னாள். குடும்ப வன்முறைச் சட்டம் என்று 2005-ல் வந்தது. அடிப்பது மட்டும்தான் வன்முறை என்று அது சொல்லவில்லை. நகையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது, வாயால் இழிவு செய்வது எல்லாம் அதில் சேரும். அந்தச் சட்டத்தில் பெண் தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே போகலாம். குழந்தையைத் தாயிடம் இடைக்காலமாக ஒப்படைக்கும்படியும் அதே மனுவில் கேட்கலாம். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் உண்டு. அவரே வந்து விசாரித்து ரிப்போர்ட் எழுதினார்.

ஆக ஒரே சமயத்தில் இரண்டு கோர்ட், இரண்டு வாய்தா. வக்கீல் பெண் ஒன்று கண்டிப்பாகச் சொன்னாள்: ஒரு கோர்ட்டில் வாங்கும் பணத்தை இன்னொரு கோர்ட்டில் மறைக்கக் கூடாது.

இனி என் பங்குக்கு வருகிறேன். வரவு செலவு எழுத வேண்டிய இடம் வந்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது! 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னதாம். ஜீவனாம்ச வழக்கு என்றால் இரண்டு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணமாக எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பெண்ணை உட்கார வைத்து, "மாசம் என்ன செலவு, சொல்லு" என்றேன்.

"எனக்கு என்ன டீச்சர் செலவு? அம்மா வீட்டுல சாப்பிடறேன்."

"அம்மா போடுகிற சோறு அம்மாவின் பூக்காசு. உன் புருஷன் கணக்கில் அது எப்படி வரும்?" என்று அதட்டினேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். அரிசி எத்தனை கிலோ, பால், எண்ணெய், கேஸில் அவள் பங்கு, வீட்டு வாடகையில் பங்கு, சோப்பு, மாதவிலக்கு நாப்கின், கோர்ட்டுக்குப் போய்வர பஸ் சார்ஜ், பிள்ளை வந்தால் பள்ளிக்கூடச் சம்பளம், யூனிபாரம், சளி இருமலுக்கு டாக்டர் பீஸ். எழுத எழுத அவள் முகமே மாறிற்று. "இவ்வளவு ஆகுதா டீச்சர்?" என்றாள். குடும்பம் நடத்துகிற நமக்கே நம் சாப்பாட்டின் விலை தெரிவதில்லை. கூட்டிப் பார்த்தால் பிள்ளைக்கும் சேர்த்து மாதம் பதினோராயிரத்துச் சொச்சம். கொஞ்சமும் கூட்டி எழுதவில்லை. கூட்டி எழுதி மாட்டிக்கொண்டால் மற்றதையும் நம்ப மாட்டார்கள் என்று வக்கீல் பெண் எச்சரித்திருந்தாள்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதிகள். என்றைக்கு அடித்தான், எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாள், என்றைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனார்கள், எத்தனை முறை போன் செய்தாள். ஒரு மஞ்சள் பையில் கல்யாணப் பத்திரிகை, கோயிலில் மாலை மாற்றிய போட்டோ, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், அவள் பேங்க் பாஸ்புக். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. வழக்கு நிற்குமோ என்று நடுங்கினாள். பத்திரிகையும் போட்டோவும் பிள்ளையின் சான்றிதழில் இருந்த தகப்பன் பெயரும் போதுமாக இருந்தன. மஞ்சள் பை என் பீரோவில்தான் இருந்தது. நகலை மட்டும்தான் வெளியே கொடுத்தோம்.

மாப்பிள்ளைத் தரப்பில், ஜவுளிக்கடையில் 9,000 ரூபாய்தான் சம்பளம், அதில் தாயைக் காப்பாற்றவே போதவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெண் நோட்டைப் புரட்டி வக்கீல் காதில் ஏதோ சொன்னாள். அவன் வாடகைக்கு விட்டிருக்கும் குட்டி யானை வண்டியின் நம்பர்! போன வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை போட்டு அவன் கும்பிடுகிற படம் அவள் போனில் இருந்தது. வண்டி யார் பேரில் இருக்கிறது என்பதை மறைக்க முடியவில்லை. கணக்கில் கெட்டி என்று சொன்னேனே!

தை மாசம் இடைக்கால உத்தரவு வந்தது. அவளுக்கு 4,000, பிள்ளைக்கு 3,000, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அவள் பேங்க் கணக்கில் கட்ட வேண்டும். கேட்டதைவிடக் குறைவுதான். ஆனால் எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். அதே 2020 தீர்ப்பில்தான் இதுவும் இருக்கிறது: உத்தரவு போட்ட நாளிலிருந்து கணக்கு இல்லை, மனுப் போட்ட நாளிலிருந்து. ஆவணியில் மனு, தையில் உத்தரவு. ஐந்து மாதப் பாக்கி 35,000 ரூபாய் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். வைகாசியிலேயே போட்டிருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைத்திருக்கும். "பார்க்கலாம், பெரியவங்க பேசட்டும், ஆடி போகட்டும்" என்று நாம் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் பால் காசு கரைகிறது. சமாதானம் பேசுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனுவைப் போட்டுவிட்டே பேசலாம். குடும்ப நல கோர்ட்டில் ஆலோசகர்களை வைத்துப் பேசச் செய்கிறார்கள். அங்கே பேசுவதற்கும் முத்திரைத்தாளோடு வருகிறவர்களிடம் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பிள்ளை தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் வந்தான். கோர்ட் வராந்தாவில் ஒப்படைத்தார்கள். நாங்கள் நினைத்ததுபோல ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அப்பாவைப் பெற்ற பாட்டியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தக் கிழவியும் அழுதாள். இந்தப் பெண் பக்கத்தில் போகாமல் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அரை மணி ஆயிற்று. மெதுவாக வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, "நீ ஏன் என்னைக் கூப்பிட வரலே?" என்று கேட்டான். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. என்னாலும் அங்கே நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை தகப்பன் வந்து பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்றும் உத்தரவு. பூக்கார அம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. முதல் ஞாயிறு, "காய்ச்சல்னு சொல்லிடலாமா டீச்சரம்மா?" என்று வந்தாள். நன்றாகத் திட்டி அனுப்பினேன். அவர்கள் நமக்குச் செய்ததையே நாம் பிள்ளைக்குச் செய்வதா? தவிர, கோர்ட் உத்தரவை மீறினால் கெட்ட பெயர் நமக்குத்தான். அவன் ஒழுங்காக வருகிறான், ஒழுங்காகக் கொண்டுவந்து விடுகிறான். அதையும் சொல்ல வேண்டும்.

விவாகரத்து? அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரம் இல்லை என்று வக்கீல் பெண்ணும் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சம்மதித்து வாங்குவதென்றால் குறைந்தது ஒரு வருஷம் பிரிந்திருந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் இன்னொரு ஆறு மாதம் யோசிக்க விட்டு இரண்டாம் முறை கேட்பார்கள். சேர வழியே இல்லை, பணமும் பிள்ளையும் பேசி முடிந்துவிட்டது என்றால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. எதை ஒப்புக்கொண்டாலும் தொகையும் தேதியும் மனுவிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். அவன் தரப்பில் விவாகரத்து மனுப் போட்டு சம்மன் வந்தால் வாங்காமல் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். நீங்கள் போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். அந்த வழக்கை நடத்துகிற செலவையும், வழக்கு முடியும்வரை மாதாந்திரப் பணத்தையும் அவனிடமே கேட்க இந்து திருமணச் சட்டம் 24-வது பிரிவில் இடம் இருக்கிறது.

எங்கள் தெருவில் தைத்துக் கொடுக்கும் முஸ்லிம் சகோதரி, "எங்களுக்கும் இது உண்டா டீச்சர்?" என்று கேட்டாள். வக்கீல் பெண்ணிடம் கேட்டுச் சொன்னேன். ஜீவனாம்சப் பிரிவு எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது. விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் அதில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் மறுபடி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டமும், இலவச வக்கீலும் அப்படித்தான். விவாகரத்துச் சட்டம் மட்டும் மதத்துக்கு மதம் வேறு.

போஸ்ட் கார்டு எழுதிய பெண்ணே, உன் ஊர் எது என்று தெரிந்தால் நானே வருவேன். தெரியாததால் நம்பர் தருகிறேன். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். அடி உதை, ராத்திரியில் வெளியே தள்ளினார்கள் என்றால் 181, பெண்கள் உதவி எண். கையெழுத்து மட்டும் எதிலும் போட்டுவிடாதே. ஒருவேளை போட்டிருந்தாலும் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாமல் அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு போ.

பூக்கார அம்மாள் காதில் தோடு ஏறிவிட்டது. பேரன் பள்ளிக்கூடம் விட்டதும் கோயில் வாசலில் உட்கார்ந்து பாட்டி முழம் போடுவதை எண்ணுகிறான். பாட்டியின் முழம் சின்னது என்று வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே சொல்லிவிடுகிறான்.

மாசி மாதப் பணம் ஒழுங்காக வந்தது. இந்த மாதம் 5-ஆம் தேதி தாண்டியும் வரவில்லை. கட்டாத மாதத்துக்கு, பணம் விழ வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போட வேண்டும். விட்டால் அந்த வழியில் கேட்க முடியாது. மனுப் போட்டால் வாரண்ட் வரும், அப்படியும் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை ஜெயில்கூட உண்டு. ஜெயில் வரைக்கும் போக வேண்டாம், பிள்ளையின் அப்பா என்கிறாள் அந்தப் பெண். பதினைந்தாம் தேதி வரை பார்ப்பாளாம், பதினாறாம் தேதி வக்கீலைப் பார்க்கப் போவாளாம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.